கீழே உள்ள இரண்டு வரி

சித்திரபுரம்
10.6.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜீவிதா எழுதுவது. இங்கே நலம். நீங்களும் நலமா என்று கேட்டு எழுதத்தான் கை போகிறது. கோபத்திலும் பழக்கம் விடவில்லை.

போனில் உங்கள் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன் என்பதை இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். போனில் பேசினால் நான் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கடிதம் என்றால் நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கலாம்.

சனிக்கிழமை சாந்தம்மாள் அக்கா ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்தாள். "டீச்சர், கீசர் கம்பெனிக்காரன் பதில் போட்டிருக்கானாம், என்னன்னு படிச்சுச் சொல்லு" என்றாள். இங்கிலீஷில் பதினொரு பக்கம். படிப்பதற்கு முன் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். கே.பி. பூபதிராஜா, அட்வகேட், பாலக்காடு. உங்கள் கையெழுத்தை எனக்குத் தெரியாதா?

பதினொரு பக்கத்திலும் 'இறந்தவர்' என்றுதான் இருக்கிறது. அதனால் அது யார் என்று நினைவுபடுத்துகிறேன். அவள் பெயர் இந்து. பக்கத்து வீட்டுச் சாந்தம்மாள் அக்காவின் மகள். போன டிசம்பரில் நீங்கள் எங்களைப் பார்க்க வந்தபோது இந்தக் குவார்ட்டர்ஸில் இடம் போதாது என்று அவர்கள் வீட்டுப் பின்னறையில் தங்கினீர்கள். அந்த அறையை அவள் டூரிஸ்ட்டுகளுக்கு வாடகைக்கு விட ஏற்பாடு செய்திருந்தாள். புதுப் பாய், புதுத் திரைச்சீலை, புதுக் கேஸ் கீசர். நீங்கள்தான் முதல் விருந்தாளி. ஜனவரியில் உறைபனி விழுந்த ஒரு காலையில் அதே குளியலறைக்குள் போனவள் வெளியே வரவில்லை. கதவை உடைத்தவர் என் வீட்டுக்காரர். கீசரிலிருந்து வந்த விஷவாயு என்று டாக்டர் எழுதினார்.

நீங்கள் எழுதியிருப்பது வேறு. 'புகார்தாரரான தாயே காற்றுவழியைச் சாக்கால் அடைத்து, தன் அஜாக்கிரதையால் மகளின் மரணத்துக்குக் காரணமானார்.' இதை நான் தமிழில் சொல்லாமல் தாண்டிவிடப் பார்த்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். "ஆமா டீச்சர், வருசா வருசம் நாந்தான அடைக்கேன். இந்த வருசமும் நாந்தான் அடைச்சிருப்பேன். எம்புள்ளய நானே கொன்னுட்டேன்னு எனக்குத்தான் தெரியாமப் போச்சு" என்றாள்.

அண்ணா, இந்தக் கேஸை விட்டுவிடுங்கள். வேறு யாராவது நடத்தட்டும். நீங்கள் வேண்டாம்.

ஜீவிதா


கொழிஞ்சாம்பாறை
18.6.2024

அம்மிணி ஜீவிதாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கடைசியாக நீ எனக்குக் கடிதம் எழுதியது வேல்முருகனைக் கட்டிக்கொண்டு மூணாறு பஸ் ஏறிய அன்று. அப்போதும் திட்டித்தான் எழுதியிருந்தாய். அப்பாவும் பெரியப்பாவும் உன் பெயரையே எடுக்கக் கூடாது என்றிருந்த காலத்தில் ஒரு மூட்டைக் கடலையோடு உன் வீட்டுப் படியேறியவன் நான் ஒருவன்தான். அதைச் சொல்லிக்காட்டவில்லை. நான் ஈரமில்லாதவன் என்று நீ எழுதாமல் எழுதியிருப்பதற்குப் பதில்.

இந்து யார் என்று எனக்கு நினைவில்லாமலா? அந்தப் பெண் கொடுத்த ஏலக்காய்ச் சாயா இன்னும் நாக்கில் இருக்கிறது. செய்தி கேட்ட அன்று நான் கோர்ட்டுக்குப் போகவில்லை.

ஆனால் என் தொழில் என்ன என்பது உனக்குத் தெரியும். சித்தூரில் ஒரு குக்கர் வெடித்து ஒரு அம்மாவுக்குக் கண் போனது. அந்தக் கம்பெனிக்காக நின்றதுதான் என் முதல் கேஸ். அன்று தொடங்கி இருபத்தெட்டு வருடமாக மிக்சி, மருந்தடிக்கும் மெஷின், ஏணி, டயர், வாட்டர் ஹீட்டர் என்று கம்பெனிகளின் பக்கமே நின்றிருக்கிறேன். ஊரில் யாருக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வேலை இல்லை. 'ஏழைக்கு எதிரா நிக்கறவன்' என்று பெரியப்பா சந்தையில் வைத்தே சொன்னார். கம்பெனி என்றால் அதற்குள்ளும் ஆள்தான் வேலை செய்கிறான் அம்மிணி. செய்யாத தப்புக்கு அவனும் அடிபடுவான். யாராவது அவனுக்காகப் பேச வேண்டாமா?

நான் கண்மூடித்தனமாகப் பேசுகிறவனும் இல்லை. எந்தக் கேஸை எடுத்தாலும் முதலில் அந்தப் பொருளை வாங்கி வீட்டில் வைத்து நானே ஒரு மாதம் பயன்படுத்துவேன். நம் தோட்டத்து வீட்டுச் சாமான் அறையைப் பார்த்திருக்கிறாயே. குக்கர்கள் மட்டும் ஒரு கல்யாணத்துக்குப் போதும். கையில் எடுத்துப் பழகினால்தான் பொருள் எங்கே ஏமாற்றுகிறது, மனுஷன் எங்கே ஏமாறுகிறான் என்று தெரியும். அதன்பிறகு சாட்சியிடம் நான் கேட்பது மூன்றே கேள்விதான். கூட வந்த புத்தகத்தைப் படித்தீர்களா? யாராவது அதில் கை வைத்தார்களா? ஏதோ சரியில்லை என்று முன்பே தெரிந்ததா, தெரிந்தும் சும்மா இருந்தீர்களா? மூன்றாவது கேள்வியில் பெரும்பாலும் எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள்.

இந்தக் கேஸை நான் தெரிந்தேதான் எடுத்தேன். வேறு வக்கீல் கையில் போனால் அந்த அம்மாவைக் கூண்டில் நிறுத்திக் கிழிகிழி என்று கிழிப்பான். என் கையில் இருந்தால் கம்பெனியைப் பேசிச் சரிக்கட்டி ஒரு தொகையை வாங்கிக் கொடுத்துவிடலாம். பதிலில் கடுமையாக எழுதினால்தான் அப்புறம் சமாதானம் பேச இடம் இருக்கும். அது எழுத்தோடு போகிற கடுமை, மனசிலிருந்து வந்ததில்லை.

சாக்கு அங்கே இருந்தது உண்மைதானே? போலீஸ் எடுத்த போட்டோவில் இருக்கிறது. நானாக ஒன்றையும் சேர்க்கவில்லை.

எண்ணைத் திறந்துவிடு. கடிதம் எழுதிக் கை வலிக்கிறது.

அண்ணன்
பூபதி


சித்திரபுரம்
2.7.2024

அண்ணாவுக்கு,

எழுத்தோடு போகிற கடுமை என்கிறீர்கள். அந்த எழுத்து இங்கே என்ன செய்கிறது என்று கேளுங்கள்.

சாந்தம்மாள் அக்கா பாக்டரிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். சூப்பர்வைசர் ஆள் அனுப்பிக் கேட்டார். வரவில்லை என்று சொல்லிவிட்டாள். பகல் முழுக்கக் குளியலறைக் கதவுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் காற்று ஓட்டையையே பார்க்கிறாள். மழை சாரலாக உள்ளே அடிக்கிறது. மூட விடமாட்டேன் என்கிறாள். நேற்று நான் கஞ்சி கொண்டுபோனேன். "ஸ்டூல் போட்டு ஏறுனது ஞாபகம் இருக்கு டீச்சர், அது போன வருசமா இந்த வருசமான்னுதான் ஞாபகம் வரமாட்டேங்கு" என்றாள். அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் பெரியமுத்து அண்ணன் மட்டும் இருந்திருந்தால் அவளைத் தேற்றியிருப்பார். அவர் போய் ஆறு வருடம் ஆகிவிட்டது.

குளிர்காலத்தில் இங்கே யார் வீட்டு ஓட்டையும் திறந்திருக்காது. எங்கள் வீட்டிலும்தான். பதிலில் நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, கீசரை வெளியேதான் மாட்டியிருக்க வேண்டும் என்று. வெளியே மாட்டினால் குழாய்க்குள்ளேயே தண்ணீர் ஆறிவிடும். கம்பெனி டீலர் அனுப்பிய பையன் ஜோபிதான் உள்ளே மாட்டினான். இந்தப் பக்கம் எல்லாருக்கும் அப்படித்தான் மாட்டுகிறானாம்.

எனக்குப் பணமும் வேண்டாம், சமாதானமும் வேண்டாம். 'தாயே அடைத்தார்' என்ற அந்த ஒரு வரியை மட்டும் திருப்பி வாங்குங்கள்.

ஜீவிதா


பாலக்காடு
11.7.2024

அம்மிணிக்கு,

தாக்கல் செய்ததைத் திருப்பி வாங்குவது அப்படி ஒன்றும் லேசில்லை. கம்பெனிக்கு என்ன காரணம் சொல்வேன்? என் தங்கை அழுகிறாள் என்றா? அடைத்தது அந்த அம்மா இல்லை என்றால் வேறு யார்? வீட்டில் இருந்ததே இரண்டு பேர். ஒருத்தி போய்விட்டாள். எழுதுவதற்கு வேறு ஆள் இல்லை.

நீ வெறும் இரக்கத்தில் கேட்கிறாய். எனக்குப் புரிகிறது. ஆனால் இரக்கத்தை வைத்து ஒரு வரியைத் திருத்த முடியாது. ஒரு விஷயம் வேண்டும்.

தொகைக்குக் கம்பெனி கிட்டத்தட்ட இறங்கிவந்துவிட்டது. என் ஜூனியர் நர்மதா அடுத்த வாரம் பேசுவாள். கெட்டிக்காரி. நான் சொல்லிக்கொடுத்ததை என்னைவிட நன்றாகச் செய்கிறாள்.

இந்த வருடம் கடலை நன்றாகத் திரண்டிருக்கிறது. தோட்டத்து மாரப்பனிடம் சொல்லி மூணாறு லாரியில் ஒரு மூட்டை ஏற்றிவிட்டிருக்கிறேன். சாந்தம்மாளுக்கும் கொஞ்சம் கொடு.

அண்ணன்


சித்திரபுரம்
20.7.2024

அண்ணா,

மூட்டை வந்தது. என் வீட்டுக்காரர் தோளில் தூக்கிவந்து வாசலில் இறக்கினார். சாக்கின் மூலையில் நீல பெயிண்டில் 'பொ.பூ.' என்று மாரப்பன் எழுதியிருக்கிறார். பொங்கியண்ணன் மகன் பூபதிராஜா. மொத்தத் தோட்டத்துச் சாக்குக்கும் அதுதானே அடையாளம். அதைப் பார்த்ததும் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

ஒரு விஷயம் வேண்டும் என்று கேட்டீர்கள். போலீஸ் போட்டோவின் அசலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் பதிலோடு வந்தது கறுப்புவெள்ளை நகல். அசலில் அந்த ஓட்டையில் இருக்கும் சாக்கின் ஓரத்தில் நீல எழுத்து தெரியும்.

நீங்கள் வந்த மறுநாள் காலை, குளிக்கப் போய் நடுங்கிக்கொண்டே திரும்பி வந்தீர்கள். "அட, காத்து ஊசியாக் குத்துதே அம்மிணி, இதுக்குள்ள எப்படிக் குளிக்கறது" என்றீர்கள். அப்புறம் வெயில் ஏறட்டும் என்று வேல்முருகனோடு பவர் ஹவுஸ் பக்கம் நடக்கப் போய்விட்டீர்கள். இந்து என்னிடம் ஓடிவந்தாள். "டீச்சர், அண்ணனுக்குக் குளிருதாம். மொத கெஸ்டு, மூஞ்சி சுளிச்சுட்டுப் போயிரக் கூடாது. அடைக்க ஏதாச்சும் குடுங்க" என்றாள். நீங்கள் கொண்டுவந்த கடலையை டின்னில் கொட்டிவிட்டுச் சாக்கை எடுத்துக் கொடுத்தது நான். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டதும் நான். அக்கா அப்போது பாக்டரியில் இருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

நடந்துவிட்டுத் திரும்பி வந்து குளித்தீர்கள். "இப்பத்தான் குளியல்" என்றீர்கள். இந்துவுக்கு வாயெல்லாம் பல்.

ஆறு மாதமாக இதைச் சொல்லவில்லை. சொன்னால் அக்கா என் முகத்தில் விழிப்பாளா என்ற பயம். அதைவிட, பிறந்த வீடு என்று எனக்கு இருப்பது நீங்கள் ஒருவர். அந்தச் சாக்கு உங்களுக்காக வைத்தது என்று உங்களிடம் எப்படிச் சொல்வேன்? அக்கா பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டபோது நான் வாயை மூடிக்கொண்டு கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். கேஸை விடுங்கள் என்று அன்று கேட்டதில் பாதி உங்களுக்காகத்தான்.

ஜீவிதா


கொழிஞ்சாம்பாறை
5.8.2024

ஜீவி,

அசல் போட்டோவைப் பார்த்தேன். நீல எழுத்து இருக்கிறது.

உன் கடிதம் வந்து இத்தனை நாளாகியும் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. உன்மேல் எனக்கு என்ன கோபம்? சாமான் அறையில் போய் உட்கார்ந்துகொள்கிறேன், அவ்வளவுதான். இந்தக் கேஸுக்காக வாங்கிய கீசர் பிரிக்காத பெட்டியில் அப்படியே இருக்கிறது. வேலை மும்முரம், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டிருந்தேன். இப்போதுதான் உறைத்தது. இந்த ஒரு பொருளை மட்டும் கேஸ் வருவதற்கு முன்பே நான் பயன்படுத்தியிருந்தேன்.

உனக்குச் சொல்லாத ஒன்று. அன்று குளித்துவிட்டு வந்ததும் எனக்குத் தலை கனத்தது. நெற்றிக்குள் யாரோ கல்லை வைத்ததுபோல். மறுநாளும் அப்படித்தான். கால்கூடச் சற்றுத் தள்ளாடியது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, வயசாகிறது என்று நினைத்தேன். திரும்பி வரும்போது அடிமாலி தாண்டுவதற்குள் இரண்டு தடவை வாந்தி. டிரைவரிடம் வளைவுகளைத் திட்டினேன்.

இந்த விஷவாயு பற்றி நான் படித்த ரிப்போர்ட்டுகளை அடுக்கினால் இடுப்பளவு வரும். முதல் அறிகுறி தலைக்கனம், அப்புறம் குமட்டல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் தலையிலேயே வந்து உட்கார்ந்தபோது தெரியவில்லை. 'இந்து, அந்தச் சாக்கை எடும்மா, ஏதோ சரியில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை இன்று இருக்கும்.

கேஸிலிருந்து விலகிவிட்டேன். தான் சாட்சியாக வேண்டிய வழக்கில் வக்கீல் ஆஜராகக் கூடாது என்பது எங்கள் விதி. கம்பெனி என்னை நம்பிச் சொன்னது எதையும் நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், உன்னிடமும்தான். ஆனால் விருந்தாளியாக வந்து என் கண்ணால் பார்த்ததும் என் உடம்பில் பட்டதும் கம்பெனி சொன்னது இல்லை. அதைச் சாந்தம்மாளின் சாட்சியாக வந்து சொல்கிறேன். அவர்கள் வக்கீலிடம் பேசிவிட்டேன். இருபத்தெட்டு வருடமாகச் சோறு போட்டவர்களுக்கு எதிராகப் போகிறாயே என்று பார் அசோசியேஷனில் ஒருவர் கேட்டார்.

அதற்கு முன்னால் அந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டும். நானே வந்து சொல்லட்டுமா? நீ சொல்கிறாயா? எது அவருக்குக் கொஞ்சமாவது தாங்கும் என்று உனக்குத்தான் தெரியும்.

அண்ணன்


சித்திரபுரம்
17.8.2024

அண்ணா,

நானே சொல்லிவிட்டேன். நீங்கள் வந்திருந்தால் அவள் எழுந்து நின்றிருப்பாள். உங்களை உட்கார வைத்துச் சாயா போட்டுக் கொடுத்திருப்பாள். அதை நீங்களும் தாங்கமாட்டீர்கள், நானும் தாங்கமாட்டேன்.

எல்லாவற்றையும் கேட்டாள். சாக்கு, ஸ்டூல், உங்கள் தலைவலி, எல்லாம். அப்புறம், "அப்ப எங்கை இல்ல?" என்றாள். இல்லை அக்கா என்றேன். "நெசமா எங்கை இல்லதான?" என்று மறுபடி கேட்டாள். என் கையைப் பிடித்து அவள் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள். அப்புறம்தான் அழுதாள். இந்து போன அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

மறுநாள் என் வீட்டுக் கதவைத் தட்டி முந்தின நாள் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தாள். "டீச்சர், ஒம்மேல எனக்கு ஆத்தாமை இருக்கு. எத்தன நாளு சொல்லாம வச்சிருந்த. கொஞ்ச நாளு எங்கூடப் பேசாத" என்று சொல்லிவிட்டு பாக்டரிக்குப் போனாள். பேசாமல்தான் இருக்கிறேன். அடுத்த வீடு. தினமும் அவள் கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது.

உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனாலும் கடிதமே எழுதுங்கள்.

ஜீவிதா


பாலக்காடு
23.1.2025

ஜீவி,

சாட்சி சொல்லிவிட்டு நேற்று திரும்பினேன். நீ பள்ளிக்கூடத்தில் லீவு கிடைக்காமல் வராதது நல்லதாகப் போயிற்று.

சாந்தம்மாள் பின்வரிசைப் பெஞ்சில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வணக்கம் சொன்னேன். தலையை மட்டும் அசைத்தார்.

கம்பெனிக்காக நின்றது நர்மதா. அவர்கள் கோப்பை அவளிடமே கொடுத்துவிட்டார்கள். என் ஆபீசை விட்டுப் போகும்போது அழுதுகொண்டே போனவள். ஆனால் குறுக்கு விசாரணையில் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. நான் அப்படித்தான் பழக்கினேன். மூன்று கேள்வி கேட்டாள். மெஷினோடு வந்த புத்தகத்தைப் படித்தீர்களா? விருந்தாளி கையில் யார் புத்தகம் கொடுப்பார்கள் என்றேன். மெஷினில் கம்பெனி பெயர் பெரிதாக இருந்தது, காற்றுவழியை அடைக்காதே என்று எந்த மொழியிலும் ஒரு எழுத்து இல்லை என்றேன். யாராவது கை வைத்தார்களா? எனக்காகச் சாக்கு வைத்தார்கள், தாய் வைக்கவில்லை, அவர் வீட்டிலேயே இல்லை என்றேன். அது பதிவாகிவிட்டது அம்மிணி. நீ கேட்ட வரி போய்விட்டது.

மூன்றாவது கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். "ஏதோ சரியில்லை என்று உங்களுக்கு முன்பே தெரிந்ததா சார்? தெரிந்தும் சும்மா இருந்தீர்களா?"

"தலை கனத்தது. யாரிடமும் சொல்லவில்லை" என்றேன். இந்த விஷயத்தில் இத்தனை வருட அனுபவம் உள்ள உங்களுக்கே தெரியவில்லையா என்று மடக்கினாள். எனக்கே தெரியவில்லை, அப்படியானால் அந்தப் பெண்ணுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்டேன். கொஞ்சம் தடுமாறினாள். மனசுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. புத்தி அப்படிப் பழகிவிட்டது, என்ன செய்ய?

உடனே ஒரு தாளை எடுத்தாள். நான் வந்து தங்கிய டிசம்பரில் அந்த அறையைப் பற்றி நான் இன்டர்நெட்டில் எழுதிய பாராட்டு. இந்து கேட்டாளே, 'சார், கூகுள்ல ஒரு ரிவ்யூ போடுங்க சார், அஞ்சு ஸ்டார்' என்று. அதுதான். எனக்கு மறந்தே போயிருந்தது. சத்தமாகப் படித்தாள். 'குளிருக்கு இதமான அறை. வெந்நீர் பிரமாதம். குளியலறையில் துளிக் காற்றுப் புகாது.' இது நீங்கள் எழுதியதுதானா என்றாள். ஆமாம் என்றேன். பின்வரிசையைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் பாராட்டை அழித்துவிட்டேன். அந்த வார்த்தைகள் உலகத்தில் இருக்கவே கூடாது. இனி யாரும் அதைப் படித்து அந்த அம்மாவைக் குத்த முடியாது. என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

தீர்ப்புக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். கம்பெனிகள் எனக்கு அனுப்பியிருந்த மற்றக் கோப்புகளையும் திருப்பிக் கேட்டு ஆள் வந்தார்கள். மேசை காலியாக இருக்கிறது.

அண்ணன்


சித்திரபுரம்
1.2.2025

அண்ணா,

ஐயோ, ஏன் அழித்தீர்கள்?

அதற்குக் கீழே இந்து உங்களுக்குப் பதில் எழுதியிருந்தாள். நீங்கள் பார்க்கவே இல்லையா? அதையும் சேர்த்துப் போய்விட்டது. அக்காவின் போனில் அதை எடுக்க நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். பாக்டரியிலிருந்து வந்ததும் தினமும் எடுத்து வைத்துக்கொள்வாள். என்னோடு பேசாத நாட்களில்கூட வேலிக்கு அந்தப் பக்கம் நின்று போனை நீட்டுவாள். நான் படிப்பேன். வாங்கிக்கொண்டு போவாள். இந்து எழுதியது என்று அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். இந்துவின் போன் அன்று குளியலறை வாளியில் விழுந்து செத்துப்போயிற்று.

பத்து நாளாகப் போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறாள். "டீச்சர், டவர் இல்லையோ?" என்கிறாள். மழையில்லாத மாசத்தில் டவருக்கு என்ன? நான் என்ன சொல்லட்டும்?

நல்லது செய்வதாக நினைத்தீர்கள். தெரியும். சாக்குக் கொடுத்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஜீவிதா


பாலக்காடு
24.2.2025

ஜீவி,

உன் கடிதத்தைப் படித்ததும் கூகுளுக்கு எழுதினேன். தெரிந்த பையன்களையெல்லாம் பிடித்தேன். அழித்தது அழித்ததுதான் என்கிறார்கள். அந்தப் பதிலை நான் பார்த்ததே இல்லை. எழுதிப் போட்டேன், மறந்தேன். கேஸ் தாளைப் படிப்பதுபோல் இதைப் படிக்கவில்லை.

அப்புறம் நர்மதா கையில் இருந்த தாள் நினைவுக்கு வந்தது. கோர்ட்டில் அவள் மேல்பாதியைத்தான் படித்தாள். ஆனால் தாக்கல் செய்யும்போது முழுப் பக்கத்தையும் அச்செடுத்துத்தான் கொடுத்திருக்க வேண்டும். பாதித் தாளைக் கொடுக்காதே என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். கேஸ் நடக்கிற நுகர்வோர் கமிஷன் ஆபீசில் மனுப் போட்டுக் காத்திருந்தேன். சான்றிட்ட நகல் நேற்றுக் கிடைத்தது. கம்பெனித் தரப்பு நான்காவது ஆவணம். முத்திரையும் எண்ணும் அடித்திருக்கிறார்கள், அதை ஒன்றும் செய்ய முடியாது.

பஸ்ஸில் வரும்போதுதான் கீழே உள்ளதைப் படித்தேன். பக்கத்தில் இருந்தவர் என்னாச்சுங்க என்று கேட்டார்.

இதோடு வைத்திருக்கிறேன். நீயே கொண்டுபோய்க் கொடு. அழித்தது நான்தான் என்பதையும் சொல்லிவிடு. இதையும் மறைத்து வைக்க வேண்டாம்.

அண்ணன்


சித்திரபுரம்
6.3.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

கொடுத்துவிட்டேன். நீங்கள் அழித்ததையும் சொன்னேன். "தெரியாமச் செஞ்சுட்டாரு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அவரு மூஞ்சியப் பாக்க எனக்கு இப்ப ஏலாது டீச்சர். பொறவு பாப்போம். இப்ப வர வேண்டாம்னு சொல்லு" என்றாள். உங்களிடம் சொல்லச் சொன்னதால் எழுதுகிறேன். வருத்தப்படாதீர்கள் என்று எழுத மாட்டேன்.

தாளை வாங்கித் தடவிப் பார்த்தாள். அந்தச் சீல் என்ன என்று கேட்டாள். கோர்ட்டுச் சீல், இனி யாராலும் அழிக்க முடியாது என்றேன். படிக்கச் சொன்னாள். மேலிருந்து ஆரம்பித்தேன். "அது வேண்டாம். கீழ உள்ளத மட்டும் படி" என்றாள். படித்தேன்.

'ரொம்ப நன்றி சார். நீங்கதான் எங்க முதல் கெஸ்ட்.
அடுத்த தடவ வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க, அம்மா கையால சமைச்சுப் போடச் சொல்றேன்.'

மறுபடி ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, தாளை வாங்கி மேல்பாதியைப் பின்பக்கமாக மடித்தாள். மடிப்பை நகத்தால் நன்றாக அழுத்தினாள். இப்போது அது இந்துவின் போட்டோவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. உங்கள் எழுத்து சுவர்ப்பக்கம் இருக்கிறது.

இன்று காலை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டு, கடலை இருந்தால் ஒரு படி கொடு என்றாள். சாக்கைத் தூரப் போட்டுவிட்டு டின்னோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஜீவிதா